பட்டியலின் முதல் வரி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பள்ளிக்கூடமாம், அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழு மேசையாம், ஏழாவது மேசைக்குப் பின்னால் சத்தமாய்ப் பேச வராத ஒருத்தன் உட்கார்ந்திருந்தானாம். தாத்தாவாக இருந்தால் இங்கே நிறுத்திவிட்டு ‘ம்’ போடு என்பார், போடாவிட்டால் கதை நகராது, ராஜா ஒரு காலைத் தூக்கியபடி காட்டுக்குள் நின்றுகொண்டே இருப்பார். இங்கே சொல்கிறவன் நான், ‘ம்’ போடுகிறவர் எதிர் நாற்காலியில் இருக்கும் பேக்கரிக்காரர் சுடலைமணி, அவர் பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கும் அவர் மகன். “பையன் அடுத்த வருசம் பிளஸ் டூ எழுதினதும், கணக்கு மார்க் முழுசா, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரியில பாதி, மூணையும் கூட்டினா இருநூறுக்கு ஒரு கட்ஆஃப் வரும்ணே.” “ம்.” “அத வச்சு எல்லாருக்கும் வரிசையா ரேங்க் போடுவாங்க.” “ம்.” “நீங்க வேணுங்கிற காலேஜ எல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு வரிசை போட்டுக் குடுக்கணும்.” “ம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி.” இரண்டு மணியிலிருந்து இப்படித்தான். ஆட்கள் மேசை மேல் குனிந்து காதைக் கொடுக்கிறார்கள், நான் சத்தத்தைக் கூட்டுகிறேன், மூன்றாவது வாக்கியத்தில் அது தானாகவே இறங்கிவிடுகிறது. இது ஜெபராணி டீச்சரின் யோசனை. ரிசல்ட் வந்த பிறகு அரக்கப்பரக்க ஓடிவருவதற்குப் பதில் ஒரு வருசம் முன்னாலேயே பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுப் பழகட்டும் என்று, இரண்டாம் சனிக்கிழமை மதியம் எல்லோரையும் வரச்சொல்லி, இங்கே படித்துக் கல்லூரிக்குப் போன எங்கள் ஏழு பேரை மேசைக்கு ஒருவராக உட்கார வைத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு மஞ்சள் தாள், தாளில் பத்து வரி. பென்சிலில் மட்டும் எழுத வேண்டும் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்.

பென்சிலில் எழுதினால் அழிக்கலாம். போன வருசம் அழித்தேனே. சுடலைமணிக்குப் பின்னால், ஜன்னலோரம் நாலாவது பெஞ்சில் செண்பகவல்லியம்மா உட்கார்ந்திருக்கிறார், மடியில் டிபன் பை, பக்கத்தில் சின்ன மகள் ரோகிணி. அவர்கள் உள்ளே வந்தபோதே பார்த்துவிட்டேன். பார்த்ததும் குனிந்து பென்சிலைச் சீவினேன், சீவின பென்சிலையே மறுபடி சீவினேன். அந்தம்மாவும் என்னைப் பார்த்துவிட்டார், கையைத் தூக்கிச் சிரித்தார், பக்கத்தில் இருந்த யாரிடமோ என்னைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். போன ஜூலையில் தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸ் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாராம், “அந்தத் தம்பி கை ராசியான கை, பட்டியல்ல மொதல்ல எழுதுன காலேஜே எங்க அனுசியாவுக்குக் கெடச்சிருச்சு” என்று. மொதல் சாய்ஸ். அந்தச் சொல்லில் என்ன மயக்கமோ தெரியவில்லை. செல்போனில் மெசேஜ் வந்ததும் அந்தம்மா கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார், நானும் இரண்டு துண்டு எடுத்துத் தின்றேன், நல்ல இஞ்சி வாசம். அப்போது நான் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை, அப்போது எனக்கே தெரியாது. அக்டோபரில்தான் தெரிந்தது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்குக் கடைசியாக எத்தனை மார்க்குக்கு இடம் கிடைத்தது என்று ஒரு நீளமான அட்டவணை வரும், அதில் வேறு யாருக்காகவோ வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன், அனுசியா முதலில் கேட்டிருந்த அரசுக் கல்லூரியின் பெயரைத் தாண்டிப் போன விரல் திரும்பி வந்தது. எலக்ட்ரானிக்ஸ், அவர்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவு, நூற்று எழுபத்தொன்றரை. அனுசியாவின் கட்ஆஃப் நூற்று எழுபத்தாறு. கிடைத்திருக்கும். நாலரை மார்க் மிச்சம் வைத்துக் கிடைத்திருக்கும்.

“அப்ப இவனுக்கு மொதல்ல எதப் போடட்டும்?” என்கிறார் சுடலைமணி. “தம்பிக்கு எது பிடிக்குதோ அதத்தான்ணே மொதல்ல போடணும்.” “ஏலே, ஒனக்கு என்னலே பிடிக்கும்?” பையன் மேசையில் யாரோ காம்பஸால் கீறி வைத்திருக்கும் பூவைத் தடவுகிறான். “வாயத் தொறந்து சொல்லுலே, ஊமக்கோட்டானாட்டம் இருக்க.” “மாட்டு டாக்டர்.” “என்னது?” “மாட்டு டாக்டர்ப்பா.” “நம்ம கிட்ட மாடே இல்லயேலே!” சிரிப்பு வருகிறது, பக்கத்து மேசையில் ஆல்வினும் சிரிக்கிறான். மாட்டு டாக்டருக்கு உயிரியல் வேண்டும், பையன் உயிரியல் எடுத்திருக்கிறானா, எடுத்திருக்கிறான், அப்படியென்றால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி வரிசை என்று தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். இவர்களிடம் எனக்குத் தடுமாற்றமே இல்லை. இன்றைக்கு இதுவரை ஐந்து குடும்பத்துக்குச் சரியாகச் சொல்லிவிட்டேன். பிடித்ததை முதலில் போடுங்கள், கிடைக்குமா கிடைக்காதா என்று பயந்து கீழே தள்ளாதீர்கள், உங்கள் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், முதலாவதில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது, உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் உங்களைத் தாண்டி எதையும் எடுத்துவிட முடியாது. இதற்குமேல் ஒன்றுமே இல்லை. கலந்தாய்வுக் கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி. போன வருசம் நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி என்று என் மனதுக்குள் ஒரு படம் இருந்தது, முதல் பந்தியில் எல்லோருடைய முதல் விருப்பத்தையும் கேட்டுப் பரிமாறி முடித்துவிட்டு, அப்புறம்தான் இரண்டாவது விருப்பத்துக்கு வருவார்கள், அதற்குள் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும், ஆகவே எது நிச்சயமாகக் கிடைக்குமோ அதை முதலில் எழுதி இடத்தைப் பிடித்துவிட வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே அப்படி நம்பினேன். நம்பினதோடு நிற்காமல் மேசை போட்டு உட்கார்ந்து மெல்லிய குரலில் அடுத்தவர்களுக்கும் சொன்னேன். மெல்லிய குரலில் சொன்னால் ஆட்கள் அதிகம் நம்புகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருசம் ரிசல்ட் வந்ததும் என் மேசைக்கு வந்த அனுசியா, வரும்போதே பட்டியலை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வரியில் அந்த அரசுக் கல்லூரி, இங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம், ஹாஸ்டல் உண்டு. ஏழாவது வரியில் இங்கே பைபாஸ் ரோட்டில் இருக்கும் தனியார் கல்லூரி. எழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. நான் ஒன்றையும் ஏழையும் அழித்து மாற்றி எழுதினேன், ரப்பர் தூளை ஊதினேன், தூள் அவள் மடியில் விழுந்தது. அவள் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “அண்ணே, அதையே மொதல்ல போட்டா என்ன ஆகும்?” அதுவும் போய் இதுவும் போய்விடும் என்றேன். அவ்வளவுதான் கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கையேட்டைப் புரட்டிப் பார்த்திருப்பேனோ என்னவோ, இல்லை, பார்த்திருக்க மாட்டேன், “நான் சொல்றேன்ல” என்றிருப்பேன். இடம் ஒதுக்கின பிறகு மேலே இருப்பது கிடைத்தால் அதற்குப் போகிறேன் என்று கேட்க ஒரு வழி உண்டு, அதையும் அனுசியா கேட்டுப் பார்த்தாள், முதல் வரிக்கு மேலே எது இருக்கிறது போவதற்கு? நான்தான் மேலே இருந்ததை ஏழாவதாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேனே. இப்போது காலையில் ஆறேகாலுக்கு அந்தத் தனியார் கல்லூரி பஸ் எங்கள் தெரு முனையில் நிற்கும், அவள் ஏறுவாள், நான் பால் வாங்கப் போகும் நேரம் அது, நவம்பரிலிருந்து ஆறரைக்குப் போகிறேன். எனக்கும் முதல் சாய்ஸ்தான் கிடைத்தது, மூன்று வருசம் முன்னால். என் பட்டியலையும் நானேதான் அப்படிப் போட்டேன். அந்த வருசத்து அட்டவணையும் இணையத்தில் கிடக்கிறது, இரண்டு நிமிச வேலை, இன்னும் நான் திறந்து பார்க்கவில்லை.

சுடலைமணி மகனோடு எழுந்து போகிறார். அடுத்து டீச்சர் அனுப்பிய ஒரு அக்கா, மகனுக்குச் சாதிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல், அதை எங்கே மாற்றுவது, தாலுகா ஆபீசா, இ-சேவை மையமா. சொல்கிறேன். சொல்லிக்கொண்டே பார்க்கிறேன், ஆல்வின் மேசை காலியாகிவிட்டது. கர்த்தரே, ஆல்வின், அவர்களைக் கூப்பிடு. ஆல்வின் கூப்பிடுகிறான், அவன் குரல் மைதானத்தில் பந்து கேட்கும் குரல், “எம்மா, ஜன்னலோரம், வாங்க இங்க, சும்மாதான் இருக்கேன்.” செண்பகவல்லியம்மா அசையவில்லை. “இருக்கட்டும் தம்பி, எங்களுக்கு ஏழாம் மேசதான். எங்களுக்குப் பெறகு வந்தவுகள அனுப்புங்க, நாங்க காத்திருக்கோம்.” ஆல்வின் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறான், “நாயகம், ஒனக்கு ரசிகர் மன்றமே இருக்குலே.” நான் பென்சிலை மறுபடி சீவுகிறேன். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போகிறார்கள், நாலாவது பெஞ்சில் அவர்கள் மட்டும், ரோகிணி ஒரு கையை மோவாயில் கொடுத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி.

என்ன சொல்வது. ரோகிணிக்குச் சரியானதைத்தான் சொல்லியாக வேண்டும், அதில் பேச்சே இல்லை, இன்னொரு பட்டியலைக் கெடுக்க முடியாது. ஆனால் சரியானதைச் சொன்னால் அந்தம்மா உடனே கேட்பார், போன வருசம் வேற மாதிரி சொன்னீங்களே தம்பி என்று. கேட்க மாட்டாரோ, கேட்பார், தீப்பெட்டிக் கட்டில் ஒரு பெட்டி குறைந்தால் கையில் தூக்கியே சொல்லிவிடுகிறவர். அப்போது ஒரு வார்த்தை போதும். இந்த வருசம் விதியை மாத்திட்டாங்கம்மா. எத்தனை சுலபமான வார்த்தை. அரசாங்கம் எதைத்தான் மாற்றுவதில்லை, புத்தகத்தை மாற்றுகிறது, பரீட்சையை மாற்றுகிறது, யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள். ரோகிணிக்கும் நல்லது நடக்கும், அந்தம்மாவுக்கும் நிம்மதி, அனுசியாவும் முதல் சாய்ஸில் படிக்கிறவளாகவே இருப்பாள். அனுசியாவுக்கு இனிமேல் எதுவும் மாறப்போவதில்லை, சொன்னாலும் மாறாது, சொல்லாவிட்டாலும் மாறாது, மாறாத ஒன்றைப் போய் ஒரு வீட்டுக்குள் எதற்கு இறக்கிவைக்க வேண்டும். அக்டோபரிலிருந்து இதே இடத்தில்தான் சுற்றி வருகிறேன். சுற்றி வந்து கடைசியில் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்காகச் சொல்லாமல் இருக்கிறேனா எனக்காகவா என்ற இடம், அங்கே வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன். வகுப்பு ஒவ்வொன்றாகக் காலியாகிறது. ஆல்வின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறான். மின்விசிறி இந்தப் பக்கம் மட்டும் சுற்றுகிறது. இனிஷியல் அக்கா எழுந்ததும் நாற்காலி காலியாகிறது.

“எப்பிடி இருக்கீங்க தம்பி, மெலிஞ்சுட்டீங்களே, ஹாஸ்டல் சாப்பாடா?” செண்பகவல்லியம்மா உட்கார்ந்து முந்தானையால் நாற்காலிக் கையைத் துடைத்தார், மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வீட்டிலிருந்துதான் போய்வருகிறேன் என்றேன். “அப்பிடியா, தெருவுல ஆளையே காணமேன்னு பாத்தேன். இவதான் சின்னவ. எழுதுங்க, ஒங்க கையாலயே எழுதுங்க. பெரியவளுக்குப் போட்ட மாதிரியே போட்ருங்க, கெடைக்கிறது மொதல்ல.” மஞ்சள் தாளை என் பக்கம் தள்ளினார். நான் பென்சிலை எடுத்தேன். அவருக்கு ‘ம்’ போடுகிற பழக்கம் இல்லை, பேசுகிறவன் வாயையே பார்ப்பார். “இல்லம்மா,” என்றேன், “கெடைக்கிறத மொதல்ல போடக் கூடாது. பாப்பாவுக்கு எது ரொம்ப வேணுமோ அது மொதல்ல. கெடைக்கிறது கடைசியில.” “அனுசியாவுக்கு மொதல்லதான போட்டீங்க?” இதோ வந்துவிட்டது. வாயிலிருந்து அது தானாகப் போனது, நான் அனுப்பவில்லை, “இந்த வருசம் விதிய மாத்திட்டாங்கம்மா.” “அப்பிடியா,” என்றார் அவர், நம்பிவிட்டார், அவ்வளவு சீக்கிரம், “என்னத்தையாவது மாத்திக்கிட்டே இருப்பானுக.” ரோகிணி மோவாயிலிருந்து கையை எடுத்தாள். “எப்ப மாத்துனாங்கண்ணே?” கேள்வியில் கோபம் இல்லை. வகுப்பில் தேதி கேட்கிற மாதிரிக் கேட்டாள். எப்போது என்று சொல்லலாம், டிசம்பர், ஜனவரி, ஏதாவது ஒரு மாதம். மாதங்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன, ஒன்றையும் எடுக்க முடியவில்லை. “மாத்தல,” என்றேன்.

“என்ன தம்பி, காதுல விழல.” “மாத்தலம்மா. போன வருசமும் இதே விதிதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.” அதற்கு மேல் நிறுத்தத் தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன், அனுசியா எழுதிக்கொண்டு வந்ததை, ஒன்றையும் ஏழையும் மாற்றினதை, அக்டோபரில் அட்டவணை பார்த்ததை, நூற்று எழுபத்தொன்றரையை. என் குரல் எனக்கே கேட்டது, இன்றைக்கு முதல் தடவையாக அது இறங்கவில்லை. அந்தம்மா டிபன் பையின் காதை ஒரு விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். “அந்த கவர்மெண்டு காலேஜ் கெடச்சிருக்குமா?” “கெடச்சிருக்கும்மா.” “இப்பப் போயிக் கேட்டா?” “முடியாதும்மா.” “ஒங்க டீச்சர் எழுதிக் குடுத்தா?” “யாரு எழுதிக் குடுத்தாலும் முடியாது.” அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அவ அழுதா தெரியுமா, ஹாஸ்டலுக்குப் போகணும்னு. நாந்தான் ஏசினேன், மொதல் சாய்ஸே கெடச்சிருக்கு, இன்னும் என்னடி வேணும் ஒனக்குன்னு.” என் பக்கம் திரும்பினார். “அக்டோபர்ல தெரியுமா ஒங்களுக்கு.” “ஆமா.” “இப்ப பிப்ரவரி.” “ஆமாம்மா.” “அந்த மிட்டாய வாங்கித் தின்னப்ப?” “அப்பத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.” அதற்குத் தலையை ஆட்டினார், அதையாவது நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார், பிடுங்கவில்லை, பிள்ளை கையிலிருந்து பிளேடை வாங்குகிற மாதிரி மெதுவாக வாங்கி ரோகிணியிடம் கொடுத்தார். “நீயே எழுது. எது வேணுமோ அத எழுது. தெரியலன்னா டீச்சர்கிட்டக் கேளு.” ரோகிணி பத்து வரியில் மூன்று வரி எழுதினாள், அம்மாவுக்குக் காட்டினாள். அந்தம்மா படித்துப் பார்த்த மாதிரி பார்த்தார். எழுந்தார். “அனுசியாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.” வாரேன் என்று சொல்லாமல் வாசலைத் தாண்டி வராந்தாவில் இறங்கிச் செருப்பைத் தேடினார்.

எப்படிச் சொல்வது, போனிலா, காலை ஆறேகாலுக்குத் தெரு முனையிலா, பஸ்ஸில் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்களே, முதல் வார்த்தை என்ன, அனுசியா என்று கூப்பிட்டு அப்புறம் என்ன, என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ரோகிணி இன்னும் போகாமல் தாளை நாலாக மடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணே, அக்காவுக்குத் தெரியும்.” நான் அவளைப் பார்த்தேன். “தீவாளி லீவுல அந்த கட்ஆஃப் லிஸ்டப் பாத்துட்டா. அம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா. அம்மா ஒங்ககிட்டதான் வரணும்னு நின்னுச்சா, அக்காதான், நீயும் போ, அந்தண்ணன் இந்தத் தடவ என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வான்னு சொன்னா.” நவம்பரிலிருந்து நான் ஆறரைக்குப் பால் வாங்கப் போனதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். பஸ் ஜன்னலிலிருந்து எங்கள் வாசல் தெரியும். “இப்பப் போயி அவகிட்ட என்ன சொல்லுவ?” என்று கேட்டேன், என் குரல் பழையபடி இறங்கியிருந்தது, அவள் குனிந்துதான் கேட்டாள். வராந்தாவிலிருந்து அந்தம்மா, “ஏட்டி, வாறியா இல்லயா?” என்றார். “மொதல்ல மாத்திட்டாங்கன்னு சொன்னீங்க, அப்புறம் மாத்தலன்னு சொன்னீங்க,” என்றாள் ரோகிணி. “ரெண்டையும் சொல்லுவேன்.” மடித்த தாளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள், பெஞ்சுகளுக்கு நடுவே போனாள், வராந்தாவில் இறங்கினாள், அம்மா ஏற்கெனவே கேட்டுக்குப் போயிருந்தார், இவள் அவசரப்படாமல் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து நடந்துபோனாள்.